உறுதிமொழியில் ஒரு சொல் குறைந்தது

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் தினமும் உறுதிமொழி சொல்ல வேண்டுமா வேண்டாமா என்று யாராவது கேட்டால், பதில் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. வருடத்துக்கு ஏழெட்டு உறுதிமொழி எடுக்கிறவன் நான். எடுப்பதோடு நிற்பதில்லை, மற்றவர்களையும் எடுக்க வைக்கிறேன்.

செங்கல்பட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். அரசு வேலையில் இல்லாதவர்களுக்கு இது தெரியாமல் இருக்கலாம். மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வரும். இன்ன தேதியில் காலை பதினொரு மணிக்கு எல்லாப் பணியாளர்களும் இன்ன உறுதிமொழி எடுக்க வேண்டும், எடுத்ததற்குப் புகைப்படம் அனுப்ப வேண்டும் என்று அதில் இருக்கும். நாங்கள் போர்டிகோவில் வரிசையாக நின்று வலது கையை முன்னால் நீட்டுவோம். ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். இப்படியாக, தவறாமல் வாக்களிப்பேன் என்றும், லஞ்சம் வாங்க மாட்டேன் என்றும், போதைப் பொருளைத் தொட மாட்டேன் என்றும், குழந்தைகளை வேலைக்கு வைக்க மாட்டேன் என்றும், தீண்டாமையை எந்த வடிவத்திலும் கடைப்பிடிக்க மாட்டேன் என்றும் வருடா வருடம் உறுதி கூறி வருகிறேன். வாசிக்கிறவன் நான்தான். எனக்குக் குரல் கணீரென்று இருக்கும், மைக் செலவு மிச்சம்.

ஒரே ஒரு முறை கோளாறு நடந்தது. ஓர் உறுதிமொழியின் தொடக்கத்தில் கோடிட்ட இடம் இருந்தது. அந்த இடத்தில் அவரவர் பெயரைச் சொல்லிக்கொள்ள வேண்டும். நான் என் பெயரைச் சொன்னேன். எதிரே நின்ற முப்பது பேரும், சொன்னதைத் திருப்பிச் சொல்லியே பழகிய வாய்கள், என் பெயரையே சொன்னார்கள். அன்று அந்த அலுவலகத்தில் உறுதிமொழி எடுத்தது சட்டப்படி நான் ஒருவன்தான். முப்பத்தோரு தடவை எடுத்தேன். புகைப்படம் நன்றாக வந்துவிட்டதால் யாரும் மறுபடி எடுக்கவில்லை.

எங்கள் அலுவலக ஜீப் ஓட்டுநர் ஒவ்வொரு முறையும் கையை நீட்டிக்கொண்டே என்னிடம் ஒன்றைக் கேட்பார்.

"இன்னா அண்ணாத்த, போன வருசம் எடுத்தது எக்ஸ்பயரி ஆயிடுச்சா?"

"சொல்லிட்டுப் போயேன்பா. காசா பணமா?" என்பேன்.

அதுதான் என் கொள்கையாகவும் இருந்தது. உறுதிமொழி என்பது பல் துலக்குவது மாதிரி ஒரு பழக்கம். காலையில் பிரஷ்ஷை எடுக்கிறவன் என் பல்லுக்கு நான் உண்மையாக இருக்கிறேனா என்றெல்லாம் யோசிக்க மாட்டான். பிள்ளைகளும் சொல்லிவிட்டுப் போகட்டும், வாய் வலிக்கவா போகிறது என்று நினைத்திருந்தேன்.

எனக்குச் சொந்த ஊர் அச்சரப்பாக்கத்துக்கு உள்ளே போகிற ஒரு கிராமம். நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, பதினைந்து வருடமாகச் சதுரங்கப்பட்டினத்தில் இருக்கிறேன். மனைவி பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். நான் தினமும் பஸ் ஏறித் திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போய் வருகிறேன். எங்களுக்கு ஒரே மகள், எட்டாம் வகுப்பு. முகம் அம்மாவுடையது, குரல் என்னுடையது.

அவள் பள்ளி கடற்கரைச் சாலையில் இருக்கிறது. அங்கே காலைப் பிரேயரை வாரத்துக்கு ஒரு வகுப்பு நடத்தும். ஒருத்தி குறள் சொல்வாள், ஒருத்தி செய்தி வாசிப்பாள், ஒருத்தி உறுதிமொழியை வரி வரியாகச் சொல்ல, மொத்தப் பள்ளியும் கையை நீட்டித் திருப்பிச் சொல்லும். போன வருடம் ஜூலையில் எட்டாம் வகுப்பின் முறை வந்தபோது உறுதிமொழி என் மகளுக்குக் கிடைத்தது. சுதந்திர தினத்தன்றும் அவளே சொல்வது என்று பள்ளியில் முடிவு செய்திருந்தார்கள். இதை நான் அலுவலகத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

அந்த வாரம் வியாழக்கிழமை தலைமை ஆசிரியை போன் செய்தார்.

"சார், நாளைக்குக் கொஞ்சம் வந்துட்டுப் போங்க. பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல."

பயப்படும்படி ஒன்றுமில்லை என்று பள்ளியிலிருந்து சொன்னால் பயப்படாத பெற்றோர் கிடையாது. மறுநாள் ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டுப் போனேன்.

தலைமை ஆசிரியை ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தது. அதனால் அவருக்கு எதிலும் பதற்றம் கிடையாது. மேஜை மேல் பறிமுதல் செய்த ரப்பர் பந்துகள் இரண்டு இருந்தன. பக்கத்தில் உடற்பயிற்சி ஆசிரியர் நின்றுகொண்டிருந்தார், அவரை எல்லாரும் பி.டி. சார் என்பார்கள்.

"உங்க பொண்ணு உறுதிமொழியில ஒரு வார்த்தைய விட்டுட்டுச் சொல்றா சார்."

"மறந்திருப்பா மேடம்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். நாலு நாளா அதே வார்த்தையத்தான் மறக்கறா."

"எந்த வார்த்த மேடம்?"

அவர் பி.டி. சாரைப் பார்த்தார். பி.டி. சார் ஜன்னலைப் பார்த்தார்.

"பெற்றோர்," என்றார் தலைமை ஆசிரியை.

பெற்றோரையும் ஆசிரியர்களையும் வயதில் மூத்தவர்களையும் மதிப்பேன் என்று ஒரு வரி வருகிறதல்லவா, அதில் என் மகள் பெற்றோரைத் தாண்டி நேராக ஆசிரியர்களுக்குப் போயிருக்கிறாள். முதல் மூன்று நாள் யாருமே கவனிக்கவில்லை. அவள் சொன்னதை நானூறு பிள்ளைகளும் பதினெட்டு ஆசிரியர்களும் அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார்கள். நான்காம் நாள், புத்தகத்தின் முதல் பக்கத்தை நெட்டுருப் போட்டு வைத்திருந்த ஆறாம் வகுப்பு வாண்டு ஒன்று, எல்லாரும் ஆசிரியர்கள் என்று சொல்லும்போது தான் மட்டும் பெற்றோர் என்று கத்தியிருக்கிறாள். பி.டி. சார் அந்த வாண்டைத்தான் முதலில் பிடித்து, பிரேயரில் ஏன் தப்பாகச் சொல்கிறாய் என்று திட்டியிருக்கிறார். அது அழுதுகொண்டே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து காட்டியதாம்.

"மூணு நாளா இந்த ஸ்கூல்ல ஒருத்தர்கூட அப்பா அம்மாவ மதிக்கிறதா சொல்லல சார்," என்றார் தலைமை ஆசிரியை. "நானும் சொல்லல. எனக்கே தெரியல."

"ஆசிரியர்கள மதிப்பேன்னு சொல்றாளா?"

"அது நல்லாவே சொல்றா."

பி.டி. சார் முகத்தில் கொஞ்சம் திருப்தி தெரிந்தது.

"கூப்பிட்டுக் கேட்டேன் சார். உண்மை இல்லாதத எப்படி மிஸ் சொல்றதுன்னு கேட்டா. அதட்டிச் சொல்ல வைக்கலாம். அப்படிச் சொன்னா அது உறுதிமொழி இல்ல, வாய்ப்பாடு. ஆனா ஆகஸ்ட் பதினஞ்சு அன்னிக்குப் பெத்தவங்க எல்லாரும் வந்து உக்காந்திருப்பாங்க. அவங்க முன்னாடி இந்த வார்த்த விட்டுப்போனா நல்லா இருக்காது. ஒண்ணு அவ சொல்லணும். இல்லன்னா வேற பிள்ளைக்குக் குடுத்துடறேன். வீட்ல என்ன நடந்துச்சுன்னு நான் கேக்கல."

அவர் கேட்டிருந்தால்கூட ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். வீட்டில் என்ன நடந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். பேசிப் பார்க்கிறேன் மேடம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

நடந்தது பேப்பர் கப் விஷயம்.

கொரோனா சமயத்தில் பேப்பர் கப் வாங்க ஆரம்பித்தோம். வீட்டுக்கு யார் வந்தாலும் அதில்தான் டீ. கொரோனா போய்விட்டது, கப் போகவில்லை. தண்ணீர்க் கேன் போடுகிறவருக்கும், கழிவுநீர்த் தொட்டி சுத்தம் செய்ய வருகிறவருக்கும், தென்னை மரம் ஏறுகிறவருக்கும் கப். சொந்தக்காரர்களுக்கும் எதிர்வீட்டுக்காரர்களுக்கும் டம்ளர். அலுவலகத்திலிருந்து வருகிறவர்களில் சிலருக்கு டம்ளர், சிலருக்குக் கப். யாருக்கு எது என்று நானும் மனைவியும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை, கண்ஜாடைகூடக் காட்டிக்கொண்டதில்லை. ஆனால் ஒரு நாளும் மாறிப்போனதில்லை.

என் சிறு வயதில் எங்கள் ஊர் டீக்கடையில் இரண்டு வகை கிளாஸ் இருந்தது. அது அநியாயம் என்று கல்லூரியில் மேடையேறிப் பேசிப் பரிசு வாங்கியவன் நான். பேப்பர் கப் அப்படியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குடித்ததும் தூக்கிப் போட்டுவிடலாம், யாரும் யார் எச்சிலையும் கழுவ வேண்டியதில்லை, யாருக்கும் சந்தேகமும் வராது. சுகாதாரம் என்று ஒரு பேரும் இருக்கிறது. பழியை மனைவி மேல் போட்டுவிடலாமா என்று இதை எழுதும்போதுகூட ஒரு கணம் தோன்றியது. கப் வாங்கி வருகிறவன் நான்தான். தீரப்போகிறது என்று யாரும் சொல்லாமலே வாங்கி வருவேன்.

மகளுக்கு ஒரு தோழி. ஆறாம் வகுப்பிலிருந்து இருவருக்கும் ஒரே பெஞ்ச். பக்கத்துக் கிராமத்துக் காலனியிலிருந்து சைக்கிளில் வருகிறவள். காலனி என்றால் நம் பக்கத்தில் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. ஜூன் மாதம் இரண்டு பேரும் அறிவியல் கண்காட்சிக்காக மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கத்தைத் தெர்மாகோலில் செய்ய ஆரம்பித்தார்கள். சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டு ஹாலில் வேலை நடக்கும். முதல் சனிக்கிழமை மனைவி பூஸ்ட் கலந்து கொண்டுவந்தாள், மகளுக்கு டம்ளரில், தோழிக்குக் கப்பில். அந்தப் பெண் சூடு தாங்காமல் கப்பை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டே குடித்தாள். மகள் பசை தடவிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

இரண்டாம் சனிக்கிழமை எதிர்வீட்டுப் பெண்ணும் வேடிக்கை பார்க்க வந்து உட்கார்ந்தாள். தட்டில் இரண்டு டம்ளர், ஒரு கப் வந்தது. மகள் தட்டைப் பார்த்தாள். தோழி எதையும் பார்க்காமல் தனக்கு உரியதை எடுத்துக்கொண்டாள். மூன்றாம் சனிக்கிழமை தோழி கையோடு தண்ணீர் பாட்டில் கொண்டுவந்தாள். "வேணாம் ஆன்ட்டி, நான் குடிச்சிட்டுத்தான் வந்தேன்," என்றாள். நான்காம் சனிக்கிழமை வரவில்லை. பாதிக் கலங்கரை விளக்கம் டி.வி.க்குக் கீழே நின்றது.

அன்று சாயங்காலம் மகள் என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"அவளுக்கு மட்டும் இன்னாத்துக்குப்பா கப்பு?"

"வூட்டுக்கு வர்றவங்களுக்குக் கப்புல குடுக்கறதுதான்."

"எதிர்வூட்டுப் பொண்ணும் வூட்டுக்கு வந்ததுதான. அதுக்கு டம்ளர்ல குடுத்துச்சு அம்மா."

"அன்னிக்குக் கப்பு ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு."

அவள் எழுந்து சமையலறைக்குப் போய்க் கப் சரத்தை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். புது சரம், முழுசாகப் பிரிக்கக்கூட இல்லை. மனைவி உள்ளே ஒரு பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

"ஜனவரில போர்டிகோல நின்னுக்கினு நீதான படிச்ச? எந்த வடிவத்துலயும் பண்ண மாட்டேன்னு?"

அந்தப் படத்தைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டவன் நானேதான். கையை நீட்டி கம்பீரமாக நின்றிருப்பேன். கீழே மனைவி பூங்கொத்து போட்டிருந்தாள்.

"கப்பு ஒரு வடிவம் இல்லியா?" என்று கேட்டாள் மகள்.

தோற்றுப்போன அப்பன்கள் செய்வதை நானும் செய்தேன். பெரியவங்கள எதிர்த்துப் பேசாத, போய்ப் படிக்கிற வேலையப் பாரு என்றேன். அவள் போய்விட்டாள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மூன்று வாரம் கழித்துத் தலைமை ஆசிரியையின் போன் வந்தது.

பள்ளியிலிருந்து வந்த அன்று மகளை உட்கார வைத்துப் பேசினேன். அதாவது, உட்காரச் சொன்னேன், அவள் நின்றாள்.

"அப்பாவ நீ மதிக்கலியா?"

அவள் யோசித்தாள். சட்டென்று பதில் சொல்லியிருந்தால்கூடக் கோபத்தில் சொன்னாள் என்று எடுத்துக்கொண்டிருப்பேன். யோசித்துத்தான் சொன்னாள்.

"உன்ன எனக்குப் புடிக்கும்ப்பா. ஆனா மதிக்கறேன்னு கத்திச் சொல்லி, நானூறு பேரையும் சொல்ல வெக்க என்னால முடியல."

"சொல்லிட்டுப் போயேம்மா. காசா பணமா? எங்க ஆபீஸ்ல எல்லாரும் சொல்றோம்."

"அதான் தெரியுதே," என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் பயம் இருந்தது, அதைத்தான் தாங்க முடியவில்லை. பதின்மூன்று வயதுப் பெண் அப்பனை அளந்து பார்த்து, இவ்வளவுதான் என்று முடிவு கட்டிவிட்டால், அப்புறம் அவன் எத்தனை வருடம் அவளுக்கு ஃபீஸ் கட்டினாலும் அந்த அளவு மாறாது. சுதந்திர தினத்தில் அவள் நிற்காவிட்டால் அலுவலகத்தில் தலை குனிய வேண்டியிருக்கும் என்பதும் உண்மைதான். அது இரண்டாவது கவலை. முதல் கவலை, அவள் என்னைப் பற்றிச் சொன்னது சரி என்பது.

திங்கட்கிழமை அலுவலகத்தில் ஜீப் ஓட்டுநர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இன்னா அண்ணாத்த, பேஜாராகீற?"

மகள் உறுதிமொழியில் ஒரு சொல்லை விடுகிறாள் என்ற வரைக்கும் சொன்னேன். எந்தச் சொல், எதனால் என்று சொல்லவில்லை.

"சின்னப் புள்ள, வுடு. நம்ம இத்தினி வருசம் ஒரு வார்த்த வுடாம சொல்லி இன்னாத்தக் கிழிச்சோம்?"

அவர் ஒரு முறை என் வீட்டுக்கு வந்து டீ குடித்திருக்கிறார். எதில் குடித்தார் என்று எனக்கு ஞாபகம் இருந்தது. அவருக்கும் இருந்திருக்கும்.

எப்படியாவது சரிசெய்துவிட வேண்டும் என்று தோன்றியது. தோழியைத் திரும்ப வீட்டுக்குக் கூப்பிட்டு, டம்ளரில் கொடுத்துவிட்டால் விஷயம் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். அன்று சாயங்காலமே செங்கல்பட்டு பஜாரில் பாத்திரக்கடைக்குப் போனேன். நல்ல கனமான எவர்சில்வர் டம்ளர் ஒன்று எடுத்தேன். ஒன்றுதான். "பேர் வெட்டணுமா சார்?" என்று கடைக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். விருந்தாளிக்குப் புதுசில் கொடுப்பதுதான் மரியாதை என்று பஸ்ஸில் வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். திருக்கழுக்குன்றம் வருவதற்குள் அதை நம்பியும் விட்டேன்.

மகளிடம் தோழியைக் கூப்பிடச் சொன்னேன். "நான் கூப்ட்டா வர மாட்டா. நீயே வந்து கூப்புடு," என்றாள். பள்ளி விடுகிற நேரத்துக்கு வாசலில் போய் நின்று கூப்பிட்டேன்.

"சனிக்கிழம வூட்டுக்கு வாம்மா. லைட் ஹவுஸ் பாதியில நிக்குது."

"சரி அங்கிள்," என்றாள் அந்தப் பெண். பெரியவர்கள் கூப்பிட்டால் மறுக்கக் கூடாது என்று அவள் வீட்டில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை வந்தாள். மனைவி பூஸ்ட் கொண்டுவந்தாள், இரண்டு டம்ளர். அந்தப் பெண் டம்ளரைப் பார்த்தாள், என் மனைவியைப் பார்த்தாள், எடுத்துக்கொண்டாள். பிறகு முகத்தை மேலே தூக்கி, உதட்டில் படாமல் அண்ணாந்து குடித்தாள். தண்ணீரை அண்ணாந்து குடிப்பது எல்லாருக்கும் வரும். சூடான பூஸ்ட்டை அப்படிக் குடிப்பது கஷ்டம். கொஞ்சம் கழுத்தில் வழிந்தது. குடித்து முடித்ததும் பின்பக்கக் குழாயடிக்குப் போய் டம்ளரைத் தேய்த்துக் கழுவினாள்.

"அப்படியே வெச்சிடும்மா, நான் கழுவிக்கறேன்," என்று மனைவி பின்னாலேயே போனாள்.

"பரவால்ல ஆன்ட்டி," என்று சொல்லித் துணி துவைக்கிற கல்லின் மேல் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள்.

எங்கள் வீட்டுப் பாத்திரம் எல்லாமே மனைவிக்குச் சீர்வரிசையாக வந்தவை. ஸ்பூன் வரைக்கும் அவள் அப்பா பெயர் வெட்டியிருக்கும். மகள் கல்லிலிருந்து டம்ளரை எடுத்தாள், திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. பிறகு என்னைப் பார்த்தாள். அவள் ஏதாவது கேட்டிருந்தால் மரியாதை பற்றிய என் விளக்கம் தயாராக இருந்தது. அவள் கேட்கவில்லை. உள்ளே போய்த் தன் பூஸ்ட்டை அந்த டம்ளரில் ஊற்றிக் குடித்தாள். அன்றிலிருந்து வீட்டில் அவள் அதில்தான் குடிக்கிறாள். மனைவி மறந்து வேறு டம்ளரில் கொடுத்தால் இதற்கு மாற்றிக்கொள்கிறாள்.

கலங்கரை விளக்கம் அன்று முடிந்தது. பேட்டரியைப் பொருத்தியதும் மேலே சின்ன பல்பு எரிந்தது. நான் கைதட்டினேன். நான் மட்டும் தட்டுவதை உணர்ந்து நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் மனைவி யாரிடமும் எதுவும் சொல்லாமல் கப் சரத்தைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மண்ணைப் போட்டுத் தக்காளி விதை ஊன்றி மதில் மேல் வரிசையாக வைத்துவிட்டாள். பத்து நாளில் முளைத்தது. அதைப் பார்த்து, குடும்பம் திருந்திவிட்டது என்று நான் தைரியம் அடைந்தேன்.

ஆகஸ்ட் முதல் வாரம் தலைமை ஆசிரியை போன் செய்தார்.

"என்ன சார் முடிவு?"

"சொல்லுவா மேடம்."

"அவ சொன்னாளா?"

"நான் சொல்றேன் மேடம்."

"சரி சார், உங்க பொறுப்பு," என்று வைத்துவிட்டார். மகளிடம் சொல்வாயா என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் "அன்னிக்குப் பாக்கலாம்" என்றாள்.

பதினைந்தாம் தேதி அலுவலகக் கொடியேற்றத்துக்கு வர முடியாது என்று முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தேன். புது வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டேன். மனைவி பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். பள்ளி மைதானத்தில் ஷாமியானா போட்டு, பெற்றோருக்குப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். கொடி ஏறியது. கடல்காற்றில் நன்றாகவே பறந்தது. அடுத்து உறுதிமொழி என்று பி.டி. சார் அறிவித்தார். எல்லாரும் எழுந்தோம். நான் இடது கையில் போனைப் பிடித்து வீடியோவை ஓடவிட்டேன்.

மகள் வந்து மைக்கை ஓரமாக நகர்த்தி வைத்தாள். அந்த நகர்த்தலில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. கையை நீட்டி முதல் வரியைச் சொன்னாள். நாங்கள் திருப்பிச் சொன்னோம். இத்தனை வருடமாக எதிரே நின்று வாசித்தவன், வெகுகாலத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் நின்று, அடுத்து என்ன சொல்லப்போகிறார்கள் என்று தெரியாமல் கையை நீட்டிக்கொண்டிருந்தேன். வரி தெரியும். அவள் சொல்வாளா என்பதுதான் தெரியாது.

அந்த வரி வந்தது. அவள் நிறுத்தினாள். பி.டி. சார் தலைமை ஆசிரியையைப் பார்த்தார். தலைமை ஆசிரியை என்னைப் பார்த்தார். மகள், வரிசையில் நின்ற பிள்ளைகள் பக்கம் ஒரு முறை பார்த்தாள்.

"என் பெற்றோர்," என்றாள், கணீரென்று.

மொத்த மைதானமும் சொன்னது. ஆறாம் வகுப்பு வரிசையிலிருந்து ஒரு குரல் மற்ற எல்லாவற்றுக்கும் மேலாகக் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெயில் என்று மனைவியிடம் சொன்னேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆமாம் வெயில்தான் என்றாள்.

முடிந்ததும் தலைமை ஆசிரியை மிட்டாய்த் தட்டோடு வந்தார்.

"நல்லா பேசியிருக்கீங்க சார்."

நான் அடக்கமாகத் தலையை ஆட்டினேன். மனைவி மற்ற அம்மாக்களோடு பேசிக்கொண்டிருந்தாள். ஆட்டோவில் வருகிறேன், நீங்கள் போங்கள் என்றாள். நான் எடுத்த வீடியோவை அங்கேயே நின்று அலுவலகக் குழுவில் போட்டுவிட்டு, மகளை வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். கடற்கரைச் சாலையில் கொஞ்ச தூரம் போனதும், காற்றைத் தாண்டிக் கேட்கும்படி சத்தமாகக் கேட்டேன்.

"இன்னா, அப்பா மேல இருந்த கோவம் பூடுச்சா?"

"இல்ல."

"அப்புறம் சொன்னியே."

"நான் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். அவதான் சொல்லச் சொன்னா."

யார் என்று நான் கேட்கவில்லை.

"லைன்ல நின்னுக்கினு இருக்கும்போது வந்து சொன்னா. 'உங்க அப்பா வெள்ள சட்டையெல்லாம் போட்டுக்கினு வந்துகிறாரு. எல்லாரும் பாக்கச்சொல்ல அசிங்கமாச்சுன்னா எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியும்டி. பாவம்டி அங்கிள், சொல்லிடு'ன்னு சொன்னா. அவ கேட்டாளேன்னுதான் சொன்னேன்."

வண்டியை ஓரம்கட்டி நிறுத்தினேன். மேற்கொண்டு ஓட்ட முடியவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு வெட்கம் எனக்கு வந்ததில்லை. மகள் இறங்கி வண்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். சட்டைப்பையில் போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. அலுவலகக் குழுவிலிருந்து ஒவ்வொருவராக வாழ்த்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.